பயனாளி காசிமாயன்

போடிநாயக்கனூரில் யாரைக் கேட்டாலும் தொழில் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஏலக்காய் யாவாரம் என்பார்கள், மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறேன் என்பார்கள், சிலமலையில் தோட்டம் இருக்கிறது என்பார்கள், வாத்தியார் என்பார்கள். சும்மா இருப்பவன்கூட ரியல் எஸ்டேட் என்று சொல்லிக்கொள்வான். காசிமாயன் மட்டும் கொஞ்சமும் கூசாமல், “நான் பயனாளி” என்பார். முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அறுபது தாண்டிய மனிதர். தேய்த்த வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். டாக்டருக்குப் படித்தவன் டாக்டர் என்று சொல்லிக்கொள்கிற அதே நிமிர்வோடுதான் அவர் பயனாளி என்று சொன்னார்.

எனக்குத் தாலுகா ஆபீசுக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை. மனு எழுதுவது, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் ஏற்றுவது, பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது எல்லாம் உண்டு. காசிமாயனுக்கு அதுதான் கோயில். காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நிற்பார். “மாப்ளே, புதுசா ஏதாச்சும் விட்டுருக்கானா?” என்பார். அரசாங்கம் புதிதாக மானியம் ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று அதற்கு அர்த்தம். அவருக்கு அரசாங்கம் என்பது ஒரு ஆள். வயதான, காது மந்தமான, பணத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துபோகிற ஒரு பணக்கார ஆள். அந்த ஆள் அசந்த நேரம் பார்த்து மடியில் கை விட வேண்டும் என்பது காசிமாயனின் வாழ்க்கைத் தத்துவம்.

அவர் விட்டுவைத்த மானியம் இல்லை. சொட்டுநீர்க் குழாய் வாங்கினார். சிலமலையில் இருக்கும் அவருடைய நிலத்தில் அது ஒரு நாளும் சொட்டியதில்லை. இப்போது வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கொடியாக இருக்கிறது. தேனீப் பெட்டி வாங்கினார். அவர் மனைவி சந்திரவல்லி அக்கா அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். மாடே இல்லாத வீட்டில் புல் நறுக்கும் எந்திரம் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. தேவாரத்துப் பக்கம் யானை இறங்கித் தோட்டங்களை மிதித்தபோது சோலார் வேலிக்கு மானியம் கொடுத்தார்கள். காசிமாயன் நிலத்துக்கும் யானைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தேவாரத்தில் இருக்கும் மாமனார் நிலத்தைக் காட்டி வாங்கிவிட்டார். கம்பி கட்டியதோடு சரி. “மாப்ளே, இதுல கரண்டு எப்ப வரும்?” என்று கேட்ட மாமனாரிடம், “மொதல்ல யானை வரட்டும் மாமா” என்று சொன்னாராம்.

காசுக்கு அலைகிறவர் என்று அவரைச் சொன்னால் அது தப்பு. காசுக்கு அலைகிறவனுக்காவது ஒரு கணக்கு இருக்கும். பஸ்சு, டீ, மனு, போட்டோ, ஆபீஸ் ஆபீசாக அலைந்த அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பாதி மானியங்களில் அவருக்கு நட்டம்தான். ஆனாலும் பட்டியலில் பேர் வர வேண்டும், மேடையில் கூப்பிட வேண்டும், யாராவது ஒரு பெரிய மனிதர் கையால் வாங்கும்போது போட்டோ எடுக்க வேண்டும். ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்று ஊரில் சொல்வார்கள். காசிமாயன் அதைச் சொலவடையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை செத்துப்போன அப்பன் பெயரிலும் விண்ணப்பம் போடச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவில் பெரிய வீடு அதுதான். முன்பக்கம் பெரிய தெருவைப் பார்த்து உருண்டைத் தூண்கள், கதவுக்கு மேலே கலர்க் கண்ணாடி, உள்ளே பூப்போட்ட தரை. பின்பக்கம் வேறு மாதிரி. தாழ்வான ஓட்டுக்கூரை, முழங்கை நீளத்துக்கும் மேல் கனமான சுவர், பகலிலும் இருட்டான அறைகள், வாய்க்கால் ஓரத்துச் சந்தில் போய்த் திறக்கிற ஒரு கதவு. காசிமாயனுடைய அப்பா காலத்தில் அங்கே மாடு கட்டியிருந்ததால் மாட்டுக் கொட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காசிமாயனுக்கு ஒரே அண்ணன், மாரீஸ்வரன். பாகம் பிரித்தபோது ஊர் வழக்கப்படி மூத்தவர் பிரித்தார், இளையவர் எடுத்தார். பிரிக்கிறவனுக்கு எடுக்கிற உரிமை இல்லை என்றால் அவன் ஒழுங்காகப் பிரிப்பான் என்பதுதான் அந்த வழக்கத்தின் நியாயம். தம்பி முன்பக்கத்தைத்தான் எடுப்பான் என்று தெரிந்து, பின்பக்கத்தோடு கிணற்றையும் புழக்கடையையும் சேர்த்து வைத்தார் மாரீஸ்வரன். போக வர முன்வாசல் இரண்டு பேருக்கும் பொது என்று பெரிய மனிதர்களை வைத்துப் பேசி முடித்தார்கள். பத்திரம் எதுவும் பதியவில்லை. பட்டா இன்றைக்கும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

மாரீஸ்வரன் குரங்கணிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நெஞ்சுவலி என்று ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் காசிமாயன் கொத்தனாரோடு வந்து நின்றார். நடுவீட்டில் குறுக்கே சுவர் எழும்ப ஆரம்பித்தது. கழிப்பறை கட்டுவதற்காக மானியத்தில் வந்து இறங்கிய செங்கல் அது. மாரீஸ்வரனின் மனைவி அன்னக்கொடி அம்மா எழுந்து வந்து, “என்ன கொழுந்தனாரே இது?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல மதினி. காலையில நான் சோலிக்குக் கெளம்புறப்ப நீங்க எதிர வந்தா நல்லா இருக்காதுல்ல. நாலு எடத்துக்குப் போய் வர்றவன் நான்” என்றார் காசிமாயன்.

அவர் போய் வருகிற நாலு இடமும் மானியம் கொடுக்கிற ஆபீஸ்கள்தான். அதற்குத்தான் இந்தச் சகுனம். தாலி இறங்கிய ஈரம் காயாத ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எப்பேர்ப்பட்ட நாக்கு வேண்டும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு ஆளும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பாகம் பேசி முடித்த பெரிய மனிதர்களில் ஒருவர், “குடும்ப விசயம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்னக்கொடி அம்மா அழுது ஊரைக் கூட்டவில்லை. அன்றிலிருந்து வாய்க்கால் சந்து வழியாகப் போய் வந்தார். மழை பெய்தால் அங்கே சாக்கடை கெண்டைக்கால் அளவுக்கு நிற்கும். மகள் பவதாரணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த அம்மா ஒரு சின்ன யாவாரம் ஆரம்பித்தார். மலையில் கொஞ்சமாகத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் மிச்சம் மீதி ஏலக்காயை வாங்கி, பெரிசு, சிறிசு, வெடித்தது, நிறம் போனது என்று தரம் பிரித்துக் கடைகளுக்குக் கொடுப்பது. முனியாயி என்கிற ஒருத்தியோடு சேர்த்து நாலு பெண்கள் அங்கே உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். கனத்த சுவரும் வெளிச்சம் புகாத அறையும் இருப்பதால் காயின் பச்சை சீக்கிரம் வெளுப்பதில்லை. மாட்டுக் கொட்டம் அந்த அம்மாவுக்குச் சோறு போட்டது.

ஆனாலும் முன்வாசலை அடைத்த அவமானம் உள்ளே ஆறவே இல்லை. ஒருநாள் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில், எந்தப் பேச்சுத் தொடர்பும் இல்லாமல், “என்னைக்காச்சும் ஒருநா அந்த வாசல் வழியா நிமுந்து நடந்துறணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்” என்றார்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. நூறு வருஷம் தாண்டிய வீடுகளைப் பழமை மாறாமல் புதுப்பிக்க மானியம். விவரத்தை நான்தான் படித்துக் காட்டினேன். காசிமாயன் முகம் அல்வாக் கடையைப் பார்த்த பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

“பழமை மாறாமப் புதுப்பிக்கணுமா? அது எப்படி மாப்ளே?”

“பழசு பழசாவே இருக்கணும்ணே. ஆனா இடிஞ்சு விழக் கூடாது, ஒழுகக் கூடாது.”

“ஒழுகுறத எவன் பாக்கப் போறான். பழசாத் தெரியணும். அவ்வளவுதானே?”

இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வீட்டுக்கு உரிமையுள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பின்னாளில் சேர்த்துக் கட்டியவற்றை அகற்றி, வீட்டை முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் சேர்த்துக் கட்டியதைப் பிற்சேர்க்கை என்று எழுதியிருந்தார்கள். காசிமாயனுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “நம்ம வீட்டுல ஒரு பிற்சேர்க்கை இருக்கு, அத எடுக்கணும்” என்றார். ஏதோ உடம்பில் கட்டி வந்திருக்கிறது என்று நினைத்து ஒருவர் மதுரையில் நல்ல டாக்டர் பெயர் சொன்னார்.

வீட்டைப் பழசாக்கும் வேலை தொடங்கியது. ஏசியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். போன தீபாவளிக்கு அடித்த பெயிண்டின் மேல் தேயிலைத் தண்ணீர் காய்ச்சி அடித்தார். பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை அண்டாவும், தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவரின் படமும் வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். படத்துக்குச் சந்தன மாலை. “இது யாருங்க?” என்று சந்திரவல்லி அக்கா கேட்டதற்கு, “தாத்தா” என்றார். யாருடைய தாத்தா என்று அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வீட்டில் வாழ்ந்து பழகியவர்கள் அதிகம் கேட்க மாட்டார்கள்.

மிச்சம் இருந்தது மதினியின் கையெழுத்தும் நடுச்சுவரும். அரைக்கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு, சுவர் கட்டிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாய்க்கால் சந்தில் இறங்கினார் காசிமாயன். வேட்டி நுனி சாக்கடையில் நனைந்தது. உள்ளே பெண்கள் சுளகோடு உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க ஏலக்காய் வாசம்.

“நல்லாருக்கீங்களா மதினி?”

“இருக்கேன். மிக்சர அங்கிட்டு வச்சிட்டு வந்த சோலியச் சொல்லுங்க.”

சொன்னார். வீடு ஒன்றாக வேண்டும் என்றார், அண்ணன் ஆத்மா குளிரும் என்றார், நம்ம குடும்பத்துப் பெருமை என்றார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சுவத்தக் கட்டுனது யாரு?” என்றார்.

“நாந்தான் மதினி. அது ஒரு பிற்சேர்க்கை.”

“அப்ப நீங்களே இடிங்க. நான் முன்வாசல் வழியாப் போய் வந்து, உங்க கூடத்துல ஒக்காந்து கையெழுத்துப் போடுறேன். அதுக்கு மொத போட மாட்டேன்.”

இடிக்க ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும், அந்தக் கூலிக்கு மானியம் கிடையாது. அதனால் காசிமாயனே கடப்பாரையைத் தூக்கினார். சகுனத்துக்காகக் கட்டிய சுவரை ஆசையோடு இடித்தார். தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் வெளிச்சம் பின்பக்கம் வரைக்கும் போய் விழுந்தது.

மறுநாள் காலையில் அன்னக்கொடி அம்மா தலைக்குக் குளித்து, மகள் எடுத்துக்கொடுத்த மாம்பழக் கலர்ச் சேலை கட்டிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து நடந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றார்.

“இது யாரு?”

“தாத்தா மதினி. நம்ம தாத்தா.”

“உங்க தாத்தாவுக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கும்னு மாமியா சொல்லும். இவருக்கு ரெண்டும் நல்லாருக்கே” என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றார்.

ஒரு ஆட்டோ போனது. கீரைக்காரி ஒருத்தி விலை கேட்கப் போகிறாரோ என்று பார்த்துவிட்டு நகர்ந்தாள். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசிமாயன் கையெழுத்தின் மை காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய கட்டடங்களை ஆராய்கிற பொறியாளர் ஒருவர் பார்வையிட வந்தார். வித்யா என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும். காசிமாயன் மாலையோடும் இளநீரோடும் நின்றார். மாலையை வேண்டாம் என்றுவிட்டு இளநீரை மட்டும் குடித்தார் அந்தப் பெண். காசிமாயன் பின்னாலேயே நடந்தார்.

“நடுவுல ஒரு சுவரு இருந்துச்சு மேடம், பிற்சேர்க்கை. எடுத்துட்டேன். இன்னும் எது பிற்சேர்க்கைன்னு சொன்னாலும் வெரசா எடுத்துருவேன். பின்னால வந்தது எதுவும் இருக்கக் கூடாது மேடம். அது எம் புள்ளையா இருந்தாலும் இடிச்சிருவேன்.”

வித்யா உருண்டைத் தூணைத் தட்டிப் பார்த்தார். ஒரு சின்னச் சுத்தியலால் அடியில் கொஞ்சம் பெயர்த்தார். சுவரை முகர்ந்து பார்த்தபோது அவருக்குத் தேயிலை வாசம் வந்திருக்க வேண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“ஐயா, இது கம்பி போட்டுக் கட்டுன கான்கிரீட். அறுபது, எழுபது வருஷத்துக்கு மேல இருக்காது” என்றார்.

“நூறு இருக்கும் மேடம். தாத்தா கட்டுனது. அந்தா தாத்தா” என்று படத்தைக் காட்டினார் காசிமாயன்.

வித்யா அதற்குள் இடித்த சுவரைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டார். அங்கேதான் அவர் முகம் மாறியது. சுவரைத் தடவினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், ஆணி இல்லாமல் மரக்குச்சி அடித்துக் கோத்திருந்த உத்திரத்தைச் செல்லில் படம் எடுத்தார். சந்துப் பக்கத்துக் கதவில் அப்பியிருந்த நீல பெயிண்டைக் கத்தியால் சுரண்டினார். உள்ளே தாமரைப் பூ ஒன்று செதுக்கியிருந்தது தெரிந்தது.

“இதுதாங்க பழைய வீடு. தாராளமா நூறு வருஷத்தத் தாண்டும்” என்றார். “தலைவாசலும் இதுதான். அப்ப வாய்க்கால் ஓரமாத்தான் வண்டிப்பாதை இருந்திருக்கணும். பெறகு ரோடு அந்தப் பக்கம் வந்ததும் வீட்டத் திருப்பிக் கட்டியிருக்காங்க.”

“எங்க மாமியா, தனக்கு ஆலாத்தி சுத்துனது இந்த வாசல்லதான்னு சொல்லும். அந்த முன்பக்கம் அது வாக்கப்பட்டு வந்த பெறகு மாமனாரு கட்டுனதாம்” என்றார் அன்னக்கொடி அம்மா.

“அப்ப முன்னாடி இருக்குறது?” என்று கேட்டார் காசிமாயன்.

“அது பிற்சேர்க்கை” என்றார் வித்யா.

முதலில் சிரித்தது முனியாயிதான். சுளகில் இருந்த காய் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வித்யா பாவம், ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் விளக்கிக்கொண்டிருந்தார். முன்பக்கம் முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை, பழைய சுவரை மறைத்து ஒட்டிக் கட்டிய கூடத்தை மட்டும் எடுத்தால் போதும் என்றார். எந்தக் கூடத்தில் தாத்தா படம் தொங்குகிறதோ அந்தக் கூடம். வேறு ஒருவனாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பான். காசிமாயன் கொஞ்சம் யோசித்தார்.

“இடிக்கிறதுக்கு மானியம் உண்டா மேடம்?” என்று கேட்டார்.

இல்லை என்றார் வித்யா. மானியம் பழைய பகுதிக்கு மட்டும்தான், அங்கே குடியிருக்கும் அன்னக்கொடிதான் பயனாளி என்றார். அதோடு இன்னும் சில விஷயங்களையும் மறைக்காமல் சொன்னார். வேலை முடிந்த பிறகு அனுமதி இல்லாமல் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கத் திறந்துவிட வேண்டும். உள்ளே யாவாரம், தொழில் எதுவும் நடத்தக் கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்றார் அன்னக்கொடி அம்மா.

அதன் பிறகு நடந்ததுதான் காசிமாயனை எனக்கு முழுதாகக் காட்டியது. அவருக்கு இதில் ஒரு சல்லிக்காசு கிடையாது, கூடமும் போகிறது. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளே கடையில் வந்து நின்றார்.

“மாப்ளே, நீ மதினிகிட்டச் சொல்லு. சரின்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. எனக்கு ஒண்ணும் வேணாம். அவங்களுக்காச்சும் வரட்டும்.”

மனிதன் கடைசியில் திருந்திவிட்டானே என்று எனக்கே கொஞ்சம் இளகியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வாசல்ல பலகை வைப்பாங்கல்ல. அதுல எம் பேரும் ஓரமா வந்தாப் போதும். பயனாளியின் கொழுந்தன்னு போட்டாலும் சரி.”

கூடத்தை இடிக்க நாள் பார்த்துவிட்டார். சந்திரவல்லி அக்கா அதைக் கேட்டு, “இடிக்கிறதுன்னா என்னையக் கொண்டுபோய் தேவாரத்துல எங்கப்பன் வீட்டுல விட்டுட்டு இடிங்க. அங்க யானை வந்தாலும் வரும், இந்த மாதிரிக் கிறுக்கு வராது” என்றார். அக்கா வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பேசியதில் அதுதான் நீளமான பேச்சு என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். காசிமாயன் காதில் அது ஏறவில்லை. தினமும் சந்தில் இறங்கினார். ஒருநாள் பூந்தி, ஒருநாள் வாழைப்பழம். மாட்டுக் கொட்டம் என்று வாய் கூசாமல் சொன்னவர், இப்போது பெரிய வீடு பெரிய வீடு என்று ஏலம் போட்டார். நக்குகிற நாய்க்குச் செக்கு எது சிவலிங்கம் எது என்பது சும்மா சொன்னதில்லை.

ஒருநாள் மத்தியானம், பொறியாளருக்கு அனுப்ப வேண்டிய சம்மதக் கடிதத்தை அடித்துக் கொண்டா என்று சொல்லி என்னையும் கூட்டிப்போனார். அன்னக்கொடி அம்மா எடை போட்டுக்கொண்டிருந்தார். தராசை இறக்கி வைத்துவிட்டு நேராகவே சொன்னார்.

“வேணாம் கொழுந்தனாரே. இந்தா, நாலு பொம்பளைங்க இங்க ஒக்காந்து கஞ்சி குடிக்கிறாங்க. ஊர்க்காரன் வந்து வேடிக்க பாக்குறதுக்காக இவங்கள எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லுவேனா? ஓடு மாத்தணும், சுண்ணாம்பு அடிக்கணும். அத நான் பாத்துக்கிறேன்.”

“மதினி, வர்ற மானியத்தப் போய் யாராச்சும் வேணாம்பாங்களா?”

“நான் சொல்றேன்.”

காசிமாயன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நடிப்பு இல்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து மீசையில் இறங்கியது. “அரசாங்கத்துப் பணம் மதினி, தேடி வந்த பணம், திரும்பிப் போகுதே” என்று விக்கி விக்கிச் சொன்னார். கல்யாணத்துக்கு நின்ற மகளைப் பறிகொடுத்தவன்கூட அப்படி அழ மாட்டான். அந்த ஆளை அவ்வளவு அருவருப்போடு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டார்கள். அன்னக்கொடி அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பேசவில்லை.

“உங்க அண்ணன நடுவீட்டுல கெடத்தியிருந்தப்ப நீங்க வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டிருந்தீங்க. இப்படிச் செத்தா நிவாரணம் ஏதாச்சும் வருமான்னு யாரையோ கேட்டீங்க. நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு ஒரு சொட்டு வரல உங்க கண்ணுல.”

காசிமாயன் துண்டை எடுக்கவில்லை.

“எந்திரிங்க. இடிச்ச சுவத்தக் கட்டிக் குடுத்துட்டுப் போங்க” என்றார் அந்த அம்மா.

“எதுக்கு மதினி? இப்பத்தான வீடு ஒண்ணாச்சு. முன்வாசல்ல போக வர...”

“நடந்து பாத்துட்டேன். ஒண்ணுமில்ல அங்க. எம் புருசன் பங்குல எனக்கு வாசல் இருக்கு. உங்க வீட்டுக் காத்து இந்தப் பக்கம் வர வேணாம்.”

காசிமாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையான கவலையோடு சொன்னார்: “சுவரு கட்டுறதுக்கு எந்தத் திட்டத்துலயும் மானியம் இல்லையே மதினி.”

முனியாயிகூட இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்த அம்மா தராசைத் தூக்கினார்.

கட்டித்தான் கொடுத்தார். கட்டாவிட்டால் பாகத்தைப் பத்திரம் போடக் கோர்ட்டுக்குப் போவேன் என்று பவதாரணியின் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். கோர்ட்டு என்றால் காசிமாயனுக்குக் கைக்காசு செலவு என்று அர்த்தம். செங்கல், சிமெண்டு, மணல், கொத்தனார் கூலி எல்லாம் அவருடைய பையிலிருந்து போனது. அன்னக்கொடி அம்மா தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிசை வரிசையாகச் சுவர் எழும்புவதைப் பார்த்தார். மேல் வரிசையில் ஒரே ஒரு கல் பாக்கி. அந்தப் பக்கம் ஸ்டூலில் ஏறி நின்ற காசிமாயன் அந்த இடைவெளியில் முகத்தைக் கொண்டுவந்து, “மதினி, எப்பவாச்சும் மனசு மாறுனா ஒரு சத்தம் குடுங்க. நான் வந்து இடிச்சுத் தர்றேன்” என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. கொத்தனாரிடம், “அந்தக் கல்ல வையிங்க” என்றார்.